குண்டு போட்டுச் சுடுங்கடா!

போன இடத்திலும் யார் வீட்டுத் தாழ்ப்பாள் ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும் என் மாமாவுக்கு,

உங்கள் முதல் வருஷத் திதி அடுத்த வாரம் வருகிறது. நம் செஞ்சித் துப்பாக்கி சுடும் சங்கத்தார் உங்கள் பேரில் ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறார்களாம். "வீட்டுக்காரம்மா நாலு வரி எழுதிக் குடுக்கட்டும், படிச்சா கண்ணுல தண்ணி வர்ற மாதிரி இருக்கணும்" என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். என் கண்ணில் தண்ணீர் வற்றி ரொம்ப நாளாகிவிட்டது மாமா. இப்போது வருவதெல்லாம் ஆத்திரம்தான். அது நாலு வரியில் அடங்காது.

இதை அச்சாபீசுக்கு நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். ஒரு எழுத்துக் குறைந்தாலும் மலரில் என் பேர் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். உங்கள் படம் அட்டையில் இருக்கும். உள்ளே உங்களைப் பற்றி ஒரு உண்மையாவது இருக்க வேண்டாமா?

முதலில் வீட்டுச் சேதி. இரும்புக்கடையை நான்தான் பார்க்கிறேன். துக்கம் காத்து மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டியவள் கல்லாவில் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று பஜாரில் பேசினார்கள். பேசட்டும். ஆணி வாங்க வருகிறவனுக்கு ஆணி நேராக இருந்தால் போதாதா? உங்கள் அக்கா, அதுதான் என் அம்மா, முதல் நாள் தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் அவளே சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து, ஏர்க் கொழு வாங்க வந்தவர்களிடம் பேரம் பேச ஆரம்பித்துவிட்டாள். ரேஷன் அரிசிக்கு நிற்கிற வரிசை மட்டும் நீங்கள் பார்த்ததைவிட நீளம்.

இனி நான் சொல்ல வந்தது. வெளியார் படிப்பார்கள் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்கு விளக்கி எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேல்மலையனூர் அமாவாசைக்குப் போனால் நான் அம்மனைப் பார்ப்பேன், நீங்கள் பலூன் சுடுகிற கடையைப் பார்ப்பீர்கள். ஒரு பலூன் மிஞ்ச விடாமல் நீங்கள் சுட்டதில், கடைசியில் அந்தக் கடைக்காரனே கையெடுத்துக் கும்பிட்டு, "சாமி, உங்களுக்கு மட்டும் துப்பாக்கி கெடையாது" என்று சொல்லிவிட்டான். அந்த ரோஷத்தில்தான் பாண்டிச்சேரியை விட்டுக் கப்பலேறப் போன ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் அந்த ஏர்கன்னை வாங்கி வந்தீர்கள். மருந்து கிடையாது, வேட்டுச் சத்தம் கிடையாது. குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். விசையை இழுத்தால் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றைத் தள்ளும், காற்று ஈயக் குண்டைத் தள்ளும். பலூன் கடைத் துப்பாக்கி இதற்கு முன்னால் விளையாட்டுச் சாமான். இதில் சுட்டால் குண்டு தேங்காய் ஓட்டின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே போகும்.

அதன் தலையில் வைக்க ஒரு டெலஸ்கோப் வேண்டும் என்று அடுத்த கிறுக்கு. மெட்ராசில் பழைய சாமான் கடையில், புலி வேட்டைத் துப்பாக்கியில் இருந்தது என்று ஒன்றை வாங்கினீர்கள். புலித் துப்பாக்கியின் அடியையே தாங்கியது, இந்தக் காற்றுத் துப்பாக்கி எம்மாத்திரம் என்று எல்லாரும் சொன்னார்கள். வாரம் திரும்பவில்லை. உள்ளே கூட்டல் குறி மாதிரி இருந்த மெல்லிய கம்பி அறுந்து தொங்கியது. கண்ணாடி கழன்று கடகடவென்று ஆடியது.

நீங்கள் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து யோசித்தது எனக்கு நினைவிருக்கிறது. பிறகு எழுந்து வந்து, கேட்க வேறு ஆளில்லாமல் என்னிடம் சொன்னீர்கள். "தனம், புலித் துப்பாக்கி பின்னாடி மட்டும்தான் ஒதைக்கும். அந்த ஒதைக்குத்தான் டெலஸ்கோப்ப செஞ்சிருக்கான். இந்த ஏர்கன் இருக்குதே, மொதல்ல பின்னாடி ஒதைக்குது, கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள முன்னாடி பாயுது. திருவண்ணாமல பஸ்ஸு சடக்குனு கெளம்புனா நிக்கிறவன் இன்னா ஆவறான்? பின்னாடி சாயறான் இல்ல? அதே கததான்." எனக்குப் புரிந்தது. இட்லி ஊற்றிக்கொண்டிருந்த எனக்கே புரிந்தது.

அடுத்த டெலஸ்கோப்பை நீங்கள் காத்த மாதிரி ஊரில் ஒருத்தரும் பெற்ற பிள்ளையைக் காத்திருக்க மாட்டார்கள். தேய்ந்துபோன ஏர்க் கொழுவில் ஒரு துண்டை அறுத்து, நாள் கணக்கில் அரத்தால் ராவி, டெலஸ்கோப்பைப் பிடித்திருக்கும் பிடிக்குப் பின்னால் முட்டுக்கட்டையாக வைத்தீர்கள். துப்பாக்கி முன்னால் பாயும்போது டெலஸ்கோப் பின்னால் நழுவாமல் அதில் முட்டி நிற்கும். ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்ப்பதற்கு முன்னால் திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பீர்கள். இரவல் கேட்டால் கடையையே கொடுப்பீர்கள், அதைக் கொடுக்க மாட்டீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சட்டம். குண்டு போடாமல் சுடக் கூடாது.

இதை ஜவுளிக்கடை காசிநாதன் அண்ணன் மறந்துபோயிருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். சங்கத்துக்குச் செயலாளர் அவர்தானே. ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து, விளையாட்டாகக் குழலை மடக்கி, குண்டு போடாமல் வானத்தைப் பார்த்துச் சுட்டார். குண்டு போட்டால் 'டொப்' என்று கேட்கும். அன்றைக்கு 'டங்' என்று கேட்டது, உலக்கை வெறும் உரலில் இடித்த மாதிரி. நீங்கள் ஓடி வந்து துப்பாக்கியை அவர் கையிலிருந்து பிடுங்கினீர்கள்.

"இன்னாய்யா இது, குண்டே இல்ல, இதுக்குப் போயி குதிக்கற?" என்றார் அவர்.

நீங்கள் சைக்கிள் பம்பை எடுத்து வந்தீர்கள். முனையை விரலால் அடைத்துக்கொண்டு அடிக்கச் சொன்னீர்கள். கைப்பிடி பஞ்சில் விழுந்த மாதிரி மெத்தென்று நின்றது. விரலை எடுத்துவிட்டு அடிக்கச் சொன்னீர்கள். அடியில் போய் 'ணங்' என்று இடித்து அவர் மணிக்கட்டு வலித்தது. "குண்டுதான்யா அந்த வெரலு. குண்டு இருந்தா காத்து அடைபட்டு பிஸ்டனத் தாங்கிக்கும். இல்லன்னா இரும்புல இரும்பு மோதும். அந்த அதிர்ச்சியில மேல இருக்கற கண்ணாடி தூளாயிடும்" என்றீர்கள். அவர் கையை உதறிக்கொண்டே தலையை ஆட்டினார். நான் காபி கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டுத்தான் போனார்.

இதை எழுதி வைக்கிறேன். அவருக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்.

நீங்கள் போன நாளுக்கு வருகிறேன். காலையில் கடை திறக்கப் போனவர் மார்வலி என்று திரும்பி வந்தீர்கள். வெந்நீர் கேட்டீர்கள். நான் கொண்டுவருவதற்குள் போய்விட்டீர்கள். அவ்வளவுதான் நீங்கள் எனக்குக் கொடுத்த அவகாசம். அதைப் பற்றி உங்களோடு தனியாகச் சண்டை போடுகிறேன், மலரில் வேண்டாம்.

பந்தல் போட்டு உங்களைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். மேளம் அடித்துக்கொண்டிருந்தது. என்னைப் பெண்கள் உள்ளே சூழ்ந்து உட்கார்ந்து பிடித்திருந்தார்கள். டில்லியில் யாரோ தலைவர் செத்ததற்குத் துப்பாக்கி மரியாதை கொடுத்ததை ரேடியோவில் கேட்டிருந்த நம் சங்கத்தாருக்கு, செஞ்சியிலும் அப்படிச் செய்ய வேண்டும் என்று தோன்றிவிட்டது. நல்ல எண்ணம்தான். பரணிலிருந்து உங்கள் ஏர்கன்னையே எடுத்தார்கள். ஆனால் யாரோ ஒரு பெரியவர், "பொணத்து மேல குண்டு பறக்கக் கூடாதுப்பா, ஆவாது" என்றாராம். உடனே காசிநாதன் அண்ணன் தீர்ப்புச் சொன்னார். "அப்போ குண்டு வாணாம். காலியா சுடலாம்."

முதல் 'டங்' கேட்டது.

இரண்டாவது கேட்டது. மூன்றாவது கேட்டது. சங்கத்தார் முடித்ததும் பங்காளிகள் ஆரம்பித்தார்கள். பங்காளிகளுக்குப் பிறகு லாரி ஆபீஸ்காரர்கள், பஸ் ஸ்டாண்டு ஆட்கள், எதிர்க்கடை, பக்கத்துக்கடை. ஒரு பக்கம் வாய்க்கரிசி போட வரிசை, இன்னொரு பக்கம் துப்பாக்கி சுட வரிசை. குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டெல்லாம் சுட்டார்களாம். மரியாதையாம்! உங்கள் நெஞ்சு நின்றது ஒரு தடவை. அந்தக் கண்ணாடியின் நெஞ்சில் ஊரே ஏறி மிதித்தது.

நான் எழுந்தேன். பெண்கள் விடவில்லை. "குண்டு போடுங்கடா! குண்டு போட்டுச் சுடுங்கடா பாவிங்களா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மேளம் ஒரு நிமிஷம் நின்றதாம். அப்புறம் ஒரு கிழவி என் தலையைத் தடவி, "ஐயோ பாவம், புத்தி பெரண்டு போச்சி, தன்னையே சுடச் சொல்லுது பாரு" என்றாள். எல்லாப் பெண்களும் ஓவென்று அழுதார்கள். என்னை இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். வெளியே 'டங் டங்' என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

இன்றைக்கும் பஜாரில் என்னைப் பார்த்துச் சில பேர் உச்சுக் கொட்டுவார்கள். எதற்கு என்று எனக்குத் தெரியும்.

இதற்காக நான் காசிநாதன் அண்ணன்மேல் கோபப்படவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? சாவு வீட்டில் யாருக்குப் புத்தி நேராக இருக்கிறது? கூட்டாளி போன துக்கத்தில் பம்பு பாடம் மறந்துபோயிருக்கலாம். மன்னித்திருப்பேன். அதற்கு அப்புறம் செய்தார் பாருங்கள், அதை எந்தச் சாமி மன்னிக்கும்?

"பத்திரமா இருக்கட்டும்" என்று துப்பாக்கியைத் தன் வீட்டுக்குத் தூக்கிப் போனார். திண்டிவனத்தில் போட்டி வந்தது. நீங்கள் இருந்தவரை வருஷா வருஷம் செஞ்சிக்குக் கோப்பை வாங்கி வந்த அதே போட்டி. உங்கள் துப்பாக்கியோடு போய் நின்றார்கள். ஒரு குண்டும் குறியில் விழவில்லை. டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தால் கம்பியே இல்லையாம். திண்டிவனத்துக்காரர்கள் கைகொட்டிச் சிரித்திருக்கிறார்கள்.

திரும்பி வந்த காசிநாதன் அண்ணன் பஜாரில் என்ன சொன்னார் தெரியுமா மாமா? நீங்கள் கேட்டிருந்தால் இன்னொரு தரம் செத்திருப்பீர்கள். "அந்தக் கண்ணாடி எப்பவோ ஒடஞ்சி போயிருக்குது. வெளிய சொல்லாம மறச்சி வெச்சிருந்தாரு. தொடாதீங்க தொடாதீங்கன்னு ஏன் சொன்னாருன்னு இப்போதான புரியுது. அப்போ அந்தக் கோப்பையெல்லாம் எப்பிடி வாங்குனாருன்னு நீங்களே யோசிச்சிக்குங்க."

ஒரு வாய் சொன்னது ஊர் வாய்க்குப் போக எத்தனை நேரம்? அந்த வாரச் சந்தை நாளில் ஒருத்தர் நம் கடையில் ஆணி வாங்கினார். எடை போட்டுக் கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய், என் கண் முன்னாலேயே, அங்கே இருந்த தராசில் மறுபடி நிறுத்துப் பார்த்தார். எடை சரியாகத்தான் இருந்தது. ஆனால் உங்கள் அப்பா காலத்திலிருந்து நம் கடைச் சாமானை எவன் மறு எடை போட்டான்? இரும்பு வியாபாரத்தில் நமக்கு முதல் என்ன, இந்தப் பேர்தானே? அது போனால் நானும் அம்மாவும் எதை வைத்துப் பிழைப்பது?

சைக்கிள் கடை ரகீம் பாய் ஒருத்தர்தான் மனுஷன். காசிநாதன் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டுத் துப்பாக்கியை வாங்கி வந்து நம் கடையில் வைத்தார். "அவங்க பேசனதுல எனக்குச் சம்மதமில்ல தங்கச்சி" என்றார். டெலஸ்கோப்பை என் எதிரிலேயே கழற்றினார். உள்ளே கம்பி அறுந்திருந்தது. கண்ணாடி ஒன்று உடைந்து, ஆட்டினால் சில்லு சில்லாகச் சத்தம் கேட்டது.

அடுத்த சந்தை நாளன்று காசிநாதன் அண்ணன் நம் கடையைத் தாண்டிப் போனார். கடை முன்னால் நல்ல கூட்டம். தொண்டூர், சித்தாமூர் ஆட்களெல்லாம் கொழு வாங்க வந்திருந்தார்கள். நான்தான் கூப்பிட்டேன்.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. எங்க வீட்டுக்காரரு ஒடஞ்ச கண்ணாடிய மறச்சாருன்னு சொன்னீங்களாமே?"

அவருக்கு முகம் சுருங்கியது. "அட, செத்தவங்களப் பத்திப் பேசக் கூடாதும்மா. விட்டுடு."

"நீங்கதான் பேசனீங்க. நான் கேக்கறேன். சாவு வூட்டுல காலியா சுட்டீங்களே, அதுல ஒடஞ்சிருக்காதா?"

"காலியா சுட்டா இன்னாம்மா ஆவும்? குண்டே இல்ல. அடி எங்கேருந்து வரும்?" என்று கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. பொம்பளைக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்திருப்பார்கள்.

நான் துப்பாக்கியை எடுத்துக் கல்லா மேல் வைத்தேன். பக்கத்தில் ஒரு சணல் கயிறையும் வைத்தேன்.

"ரொம்ப சந்தோஷம்ண்ணே. உங்க வாட்ச்ச கழட்டிக் குடுங்க. கண்ணாடி இருந்த எடத்துல அத வெச்சி நானே கட்டறேன். நீங்களே காலியா சுடுங்க, சாவு வூட்டுல எத்தினி வாட்டி சுட்டீங்களோ அத்தினி வாட்டி. வாட்ச்சு ஓடுச்சின்னா எங்க மாமா பொய்யருன்னு இதே எடத்துல நான் ஒத்துக்கறேன், கடையையும் சாத்திடறேன்."

சிங்கப்பூரிலிருந்து அவர் மாமனார் கொண்டுவந்து போட்ட வாட்ச் அது. ஊரில் நேரம் கேட்காதவனுக்கும் நேரம் சொல்வாரே, அது. அவருடைய வலது கை தானாகப் போய் அந்த வாட்சை மூடிக்கொண்டது.

எல்லாரும் பார்த்தார்கள் மாமா. தெரியாதவனாக இருந்தால் கழற்றிக் கொடுத்திருப்பான். குண்டில்லாத துப்பாக்கியில் கட்டினால் வாட்சுக்கு என்ன வரும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பான். கை போய் மூடியதே, அந்தக் கைக்குப் பம்பு அடித்தது நன்றாக ஞாபகம் இருந்திருக்கிறது.

"இன்னாண்ணே, குண்டுதான் இல்லியே. ஏன் பயப்படறீங்க?" என்று கேட்டேன்.

"அது மாமனாரு போட்டதும்மா..." என்றார்.

சித்தாமூர் நயினார் ஒருத்தர், ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத ஜைனர், மெதுவாகச் சொன்னார். "மாமனாரு போட்ட வாட்ச்சு ஒடையும்னா, அவரு வெச்ச கண்ணாடியும் ஒடைஞ்சிருக்கும் இல்லீங்களா?" அவ்வளவுதான். கூட்டம் வேறு விதமாகச் சிரித்தது. காசிநாதன் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஆணியை எதிர்க்கடையில் நிறுத்துப் பார்த்த ஆள் அன்று சாயங்காலம் வந்து, எடையைப் பார்க்காமலே கீல் வாங்கிக்கொண்டு போனார். அது போதும்.

இப்போது அவர்தான் நினைவு மலர் போடுகிறார், அதையும் பாருங்கள். உங்கள் படத்தைத் திறந்து வைத்துப் பேசவும் போகிறாராம். திதியன்று காலையில் நம் ஊர்க் கோட்டையின் கிருஷ்ணகிரி மலை அடிவாரத்தில், நீங்கள் தேங்காய் ஓடு வைத்துச் சுடும் இடத்தில், மறுபடியும் துப்பாக்கி மரியாதையாம். "துப்பாக்கியக் குடுத்தனுப்புங்க" என்று கேட்டு அனுப்பினார்கள். எனக்குச் சிரிப்பதா, செருப்பைக் கழற்றுவதா என்று தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தேன். கொடுத்து அனுப்ப மாட்டேன். நானே எடுத்துக்கொண்டு வருவேன்.

உங்களிடம் ஒன்று சொல்லவில்லையே. ரகீம் பாய் டெலஸ்கோப்பைக் கழற்றினபோது திருகாணி ஒவ்வொன்றும் நீங்கள் முடுக்கின இடத்திலேயே இருந்தது. அந்தக் கொழு இரும்பு முட்டுக்கட்டையைத் தொட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், ஸ்பேனர் வைத்து நெம்பியும் பார்த்தார். "நகரலியே தங்கச்சி" என்றார். ஊர் முழுக்கச் சுட்டும் அது நகரவில்லை. அதை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டெலஸ்கோப் இல்லாமல் அது மட்டும் துப்பாக்கிமேல் இருக்கிறது. அன்றைக்கு ராத்திரிதான், நீங்கள் போன பிறகு முதல் தடவையாக, நான் வாய்விட்டு அழுதேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன் மாமா. அன்றைக்குப் பந்தலில் அத்தனை பேர் இருந்தார்கள். நான் கத்தியது ஒருத்தருக்கும் புரியவில்லை. பைத்தியம் என்றார்கள். பெஞ்சில் படுத்திருந்த உங்களுக்கு மட்டுமாவது புரிந்திருக்கும், இல்லையா? துப்பாக்கிக்காகத்தான் கத்துகிறாள் என்று?

இது என் வாக்கு. திதியன்று மலையடிவாரத்தில் வரிசையில் நிற்கிற ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு ஈயக் குண்டை நானே வைப்பேன். காசிநாதன் அண்ணன் கையிலும் வைப்பேன். எதிரே தேங்காய் ஓடு இருக்கும். குண்டு போட்டுக் குறி பார்த்துச் சுடுகிறவனுக்கு மட்டும்தான் துப்பாக்கி. முதல் சூடு என்னுடையது. நீங்கள் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு 'டொப்' என்றுதான் கேட்கும்.

உங்கள் அக்கா மகள்,
இப்போதும் உங்கள் வீட்டுக்காரி,
தனம்